ஆமாம் ஐயா, நான் போன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்

ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்து ஹட்டனில், கவிதை நூல் வெளியீட்டுக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் தலையைக் குனிந்து கையில் இருப்பதைப் பார்க்கிறேன், மேலே "நூல் வெளியீட்டில் போன் பார்க்கும் டீச்சர்" என்று எழுதியிருக்கிறது. நேற்றிரவு வரை இருநூற்றுச் சொச்சம் சிரிப்பு. சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். நல்லா இருங்கள்.

அது போன் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் தம்பி கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்த மின்வாசிப்பான், மின்னூல் வாசிப்பதற்கென்றே செய்த கருவி. என்ன கொம்பனி என்று இன்பொக்ஸில் கேட்காதீர்கள், இது விளம்பரம் இல்லை. ஊரில் எந்த மின்வாசிப்பானைக் கண்டாலும் அமேசானின் கிண்டில் என்றுதான் சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் அதில் பார்த்துக்கொண்டிருந்தது, அன்றைக்கு வெளியிட்ட அதே கவிதைத் தொகுப்பைப் பற்றி நான் எழுதிக்கொண்டு போன பத்து நிமிடப் பேச்சு. நானும் ஒரு பேச்சாளர். அழைப்பிதழில் கடைசிப் பெயர், பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்.

தலைமை தாங்கிய ஐயா மைக்கில் சொன்னார்: காகிதத்தைத் தொடாமல் வாசிக்கிறவர் வாசகரே இல்லையாம். என்னைப் போன்றவர்களால்தான் மலையகத்தில் புத்தகம் சாகிறதாம். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

மலையகத்தில் புத்தகம் சாவது ஈரத்தால், ஐயா. என்னால் இல்லை.

முதல் நாள் எனக்கும் இது பிடிக்கவில்லை, அதை மறைக்கவில்லை. பக்கம் திருப்பியதும் திரை ஒரு தடவை கறுத்து வெளுத்தது. பழுதாகிவிட்டது என்று பயந்து தம்பியைக் கூப்பிட்டேன். அது அப்படித்தானாம். திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள், குமிழுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் தள்ளிவிட்டால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது வந்த இடத்தில் நிற்கும், அதற்குப் பிறகு கரண்ட் வேண்டாம். முன்பக்கத்து எழுத்தின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்காமல் துடைக்கத்தான் அந்தக் கறுப்பு வெட்டு. இரண்டு நாளில் கண் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று உண்டு. "42 வீதம் வாசித்துவிட்டீர்கள்" என்கிறது. நாவலில் 42 வீதம் என்றால் எனக்கு என்ன விளங்கும்? பாங்க் வட்டியா? கதை முடியப் போகிறது என்பது வலது கைப் பெருவிரலுக்குத் தெரிய வேண்டும். பக்கம் மெலிந்துகொண்டே வர வேண்டும். இதில் முதல் பக்கமும் ஒரே தடிப்பு, கடைசிப் பக்கமும் ஒரே தடிப்பு. ஒரு கதை திடீரென்று முடிந்துபோய், அடுத்த பக்கம் எங்கே என்று நான் திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, கம்பளிக் கையுறை போட்ட விரல் இதற்குத் தெரியாது. விடிகாலை ஐந்து மணிக் குளிரில் கையுறையைக் கழற்றச் சோம்பல் பட்டு நான் மூக்கு நுனியால் பக்கம் திருப்புகிறேன். அந்தப் படத்தையும் யாராவது எடுத்துப் போடுங்கள்.

சரி, வாசனைக்கு வருவோம். கமெண்டில் பதினைந்து பேராவது எழுதியிருக்கிறீர்கள், புதுப் புத்தகத்தின் வாசனை இதில் வருமா என்று. வராது. ஆனால் நான் எந்தப் புத்தக வாசனையில் வளர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடு. ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, சின்னத் திண்ணை. அப்பாவுக்கு ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர். எங்கள் புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் இருந்தன, மொத்தம் பதினெட்டு. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் சுவர் வேர்க்கும். ஆகஸ்டில் பெட்டியைத் திறந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு ரொட்டி மாதிரி இருக்கும். அம்மா அவற்றை அடுப்புக்கு மேலே கட்டிய பரணில், விறகுக்குப் பக்கத்தில் காய வைப்பார். பூஞ்சணமும் புகையும் மண்ணெண்ணெயும் சேர்ந்த ஒரு வாடை. அதுதான் எனக்குப் புத்தக வாசனை. இன்றைக்கும் பழைய புத்தகத்தை விரித்தால் பத்தாவது நிமிடம் தும்மல், அரை மணியில் இழுப்பு. பூஞ்சணத்துக்குக் கிட்டவே போகாதீர்கள் என்று டொக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வாசனை பிடிக்கக் கண்ணாடி அலுமாரி வேண்டும் ஐயா, அலுமாரி வைக்கக் காய்ந்த சுவர் வேண்டும். அது இருந்தவர்களுக்கு அது இனிய நினைவு. எனக்கு இன்ஹேலர்.

"கரண்ட் போனால் என்ன செய்வாய்?" இதைக் கேட்டவருக்கு நன்றி. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. இந்தச் சாமான் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எனக்கு மூன்று வாரம் வருகிறது. அப்போது கையில் இருந்திருந்தால் மெழுகுதிரிக்குக் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும். அப்புறம், அதே மார்ச்சில் காகிதமும்தான் இல்லை. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். காகிதம் என்ன, கொழுந்து மாதிரி மலையில் முளைக்கிறதா? அதுவும் கப்பலில் டொலர் கொடுத்துத்தான் வருகிறது.

"கருவியில் இருப்பதைக் கொம்பனிக்காரன் நினைத்தால் அழிக்கலாமே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். உண்மை. 2009இல் அமேசான் தான் விற்ற நூலையே வாசகர்களின் கருவிகளுக்குள் புகுந்து அழித்தது. அது தவறுதான், அவர்களே பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் காகிதம் அழியாது என்று மட்டும் தயவுசெய்து ஒரு தமிழரிடம் சொல்லாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த சாம்பல் இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. அப்போது வேறு பிரதி எங்காவது இருந்திருந்தால் என்று ஏங்காதவர் யார்? அந்த ஏக்கத்தில்தானே 2005இல் நூலகம் என்ற இணையத்தளத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் பண்ணி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் ஐயா அன்று காட்டிய மேற்கோள்கூட அங்கிருந்து எடுத்ததுதான். பேச்சுத்தாளின் அடியில் தளத்தின் முகவரி அச்சாகியிருந்தது. முன்வரிசையில் இருந்த எனக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நம் மலையக நூல்கள் எத்தனை இந்தக் கருவியில் ஒழுங்காக வாசிக்கும்படி கிடைக்கின்றன? குறைவு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல் விற்கத் தொடங்கியது, எல்லாம் சரி. நம்மவர்களுடையது பெரும்பாலும் ஸ்கேன் பண்ணிய பீடிஎஃப்தான். அது படம். ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி ஊரும். பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போகும், இடமும் வலமுமாக இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். ஒரு பழைய சிறுகதையை அப்படி வாசித்து முடிக்க ஒரு இரவு போனது. ஆனால் இதற்கு நானா பொறுப்பு? முந்நூறு பிரதி அடித்து, நூற்றைம்பதைக் கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டியில் வைத்து, மிச்சத்தை மேடையில் பொன்னாடையோடு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறவர்கள், அந்தக் கோப்பை ஒரு மின்னூலாகவும் போட்டால் என்ன? டைப் செட் பண்ணிய கோப்பு கணினியில்தானே இருக்கிறது? கவிஞருக்குக் காசு வராதே என்பீர்கள். இப்போது வருகிறதா?

எழுத்தாளர்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை. கொஞ்சம் புண்பட்டால் பரவாயில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட நினைத்தேன், முடியவில்லை. அவருக்கு எழுபத்திரண்டு. மூன்றாம் வகுப்பு வரை. இரண்டு கண்ணும் ஒப்பரேஷன் செய்தது. பத்திரிகையின் தலைப்பை மட்டும் வாசிப்பார், கீழே இருப்பதை வாசிக்க யாராவது வேண்டும். போன மாதம் ஒரு நாள் இதில் எழுத்தை முடிந்தமட்டும் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். வரிக்கு இரண்டு சொல், மூன்று சொல். எழுத்துக்கூட்டி வாசித்தார், சத்தமாக, அடுப்பில் சோறு கொதிப்பதையும் மறந்து. பக்கம் முடிந்ததும் ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் திரையின் ஓரத்தைத் தூக்கப் பார்த்தார். எச்சில் ஈரத்தில் அது திரும்பவில்லை. சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி விரலை நாக்குக்கே கொண்டு போனார். "இதுல எத்தன ஏடு இருக்கு புள்ள?" என்றார். எத்தனை ஏடு என்று எனக்கு எப்படித் தெரியும், அது வீதத்தில் அல்லவா சொல்கிறது. நிறைய இருக்கும்மா என்றேன்.

ஐயாவின் கணக்கில் அம்மாவும் வாசகர் இல்லை.

உண்மையைச் சொன்னால் மைக்கில் சொன்னதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. கூட்டம் முடிந்து பிளேன்டீ குடிக்கும் இடத்தில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் ஒருவர் சொன்னார்: "லயத்துலருந்து வந்தவங்களுக்கு இப்ப இதெல்லாம் கேக்குது." இரண்டு பேர் சிரித்தார்கள். அதே வாய்தான் அரை மணிக்கு முன் லயத்து வாழ்வைப் பற்றிக் கண்கலங்கிப் பேசியது. அது சரி, நாங்கள் கவிதைக்குள் கூடையோடு நிற்க வேண்டும், மழையில் நனைய வேண்டும், அட்டை கடிக்க வேண்டும். கையில் ஒரு நல்ல பொருளோடு மண்டபத்துக்குள் வந்தால் மண்வாசனை போய்விடும். தம்பி பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது. அதை ஏன் உங்களிடம் விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் காகிதத்தை விட்டுவிட்டேன் என்று யார் சொன்னது? படம் எடுத்த தம்பி, உன் படத்தையே பெரிதாக்கிப் பார். என் கதிரைக்குக் கீழே ஒரு நீலப் பை தெரியும். அதற்குள் அன்றைய தொகுப்பில் இரண்டு பிரதி, ஒன்று எனக்கு, ஒன்று பாடசாலை நூலகத்துக்கு. காசு கொடுத்து வாங்கியது, மேசையில் இருந்த பிள்ளையிடம் பற்றுச்சீட்டும் இருக்கிறது. அப்படியே மேடையையும் பார். ஐயாவின் கையில் ஒரு பிரதி இருக்கிறது, பொன்னாடைக்குள் சுற்றியபடி. அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று நீயே கேட்டுச் சொல்.