கிளி எடுத்த சீட்டும் மூன்று அம்புக்குறியும்

ஜோசியம் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்வது முகநூலில் சுலபமான வேலை. குப்பையைப் பிரித்துப் போடுகிறவர்களைப் பாராட்டுவது அதைவிடச் சுலபம். இரண்டைப் பற்றியும் என் கருத்து கொஞ்சம் கோணலானது. இரண்டு பக்கமும் திட்டு விழலாம், பரவாயில்லை.

முதலில் ஜோசியம். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது எங்கள் கடலூர் இந்த விஷயத்துக்காகவே செய்தியில் அடிபட்டது. பாமக வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் தென்னம்பாக்கத்தில் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி அழகுமுத்து அய்யனார் சீட்டை எடுக்க, வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்து, பிறகு எச்சரித்து விட்டது. தேர்தலில் ஜெயித்தது காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். வேட்பாளர் கதை கிடக்கட்டும். தனக்குத் தீனி போடுகிறவரைத் தேடி வனத்துறை வரப்போவதைக்கூட அந்தக் கிளி சொல்லவில்லையே!

அந்த ஜோசியர் மேல் எனக்குக் கோபமில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சில்லறைக்குச் சீட்டு எடுப்பவர் மாட்டிக்கொள்கிறார். ஏசி அறையில் ஆயிரக்கணக்கில் வாங்குகிறவரிடம் கிளி இல்லை, அதனால் வழக்கும் இல்லை.

சில்வர் பீச்சில் குச்சியோடு வந்து கை பார்க்கிற அம்மா சொல்வதைக் கவனித்திருக்கிறீர்களா? "உன் மனசு தங்கம், ஆனா யாருக்கும் புரியல. கையில காசு வரும், தங்காது. நீ நல்லது செஞ்சவனே உனக்கு எதிரா நிப்பான்." யாருக்குத்தான் இது பொருந்தாது? 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர், தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்.

நம் நாட்டிலேயே வானியற்பியல் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகரின் குழு மகாராஷ்டிராவில் ஒரு சோதனை நடத்தியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் ஜாதகங்களையும் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து கொடுத்து, எது யாருடையது என்று ஜோசியர்களைக் கேட்டார்கள். பதில் அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். காசு சுண்டிப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேறியிருக்கும்.

ஆனாலும் போகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் யாரும் காது கொடுக்காத விஷயத்தை அரை மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். அதற்கு இருநூறு ரூபாய் கொடுப்பதில் தப்பில்லை. என் எரிச்சலெல்லாம் பயமுறுத்துகிற இடத்தில்தான். தோஷம், கண்டம், பரிகாரம் என்று ஆரம்பித்தால் உடனே எழுந்து வந்துவிட வேண்டும். என் சித்தி மகளுக்கு ஜாதகத்தைக் காட்டியே நல்ல வரன்களைத் தட்டிக் கழித்தார்கள். சொன்னவர்கள் யாரும் பிற்பாடு வந்து பதில் சொல்லவில்லை.

பலித்தது நினைவில் நிற்கிறது, பலிக்காதது மறந்து போகிறது. யாரும் திரும்பிப் போய்க் கணக்குக் கேட்பதில்லை. இங்கேதான் எனக்குக் குப்பை ஞாபகம் வருகிறது.

டப்பாவின் அடியில் முக்கோணமாக மூன்று அம்புக்குறி, நடுவே ஒரு எண். அதைப் பார்த்ததும் படித்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. 1988-ல் பிளாஸ்டிக் தொழில் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் கொண்டுவந்த எண் முறை அது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 5 என்றால் பார்சல் டப்பா வகை. என்ன பிளாஸ்டிக் என்று மட்டும்தான் அது சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று எந்த உத்தரவாதமும் தரவில்லை. 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. கவரைக் கழுவி, நீலத் தொட்டியில் போட்டு, வண்டி ஏறியதும் கடமை முடிந்தது என்று இருக்கிறோமே, அதன் பிறகு அது எங்கே போனது என்று கேட்டோமா?

நம் ஊரில் உண்மையான மறுசுழற்சி பழைய பேப்பர்காரரிடம்தான் நடக்கிறது. அவர் பாட்டிலைக் கையில் நசுக்கிப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். காசு பெறுவதை எடுப்பார், பெறாததை அப்படியே வைத்துவிட்டுப் போவார். அவர் விட்டுப் போவது மறுசுழற்சி ஆகப்போவதில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எந்த அம்புக்குறியையும்விட அவர் தராசை நம்பலாம்.

அப்படியானால் பிரித்துப் போடுவது வீணா என்றால், இல்லவே இல்லை. சாம்பாரில் நனைந்த பேப்பருக்கு விலை கிடையாது. காய்ந்தது காய்ந்ததாக இருந்தால்தான் யாராவது எடுப்பார்கள். அதைவிட முக்கியம், நாம் பிரிக்காததைத் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார். டயப்பரையும் உடைந்த கண்ணாடியையும் சோற்றோடு கட்டிப் போடுகிறவர்கள் ஒரு நாள் அந்த வண்டி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நான் பிரிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். பூமியைக் காப்பாற்றுகிற பேச்செல்லாம் அப்புறம்.

காய்கறித் தோலை மாடியில் மண் தொட்டியில் போடுகிறேன். காய்ந்த இலை, தென்னை நார்த்தூள், கொஞ்சம் புளித்த மோர். ஐப்பசி கார்த்திகை மழையில் மூடி இல்லாவிட்டால் நாற்றம் தாங்காது. ஆனால் என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. உரம் ஆனதா, ஆகவில்லையா, கையை விட்டால் தெரிந்துவிடும்.

மிச்சம் இருக்கிற தலைவலி சாஷே. ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் ஏழை வீட்டுக்கும் கொண்டுசேர்த்த சின்னி கிருஷ்ணன் எங்கள் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாக ஆரம்பித்ததுதான் சிக் ஷாம்பூ. ஊர்ப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய பாக்கெட்டுகள் பல, அடுக்கடுக்காக ஒட்டிய படலம். பிரித்தெடுப்பது கஷ்டம், எடையும் கிடையாது, பேப்பர்காரர் தொடவே மாட்டார். பாட்டில் வாங்கலாம் என்றால் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டில் என்றால் கை தாராளமாகிவிடும் என்பது அவர் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. வெட்டிப் போட்ட பாக்கெட்டுகளை ஒரு எண்ணெய் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கவர்களைச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிக்க அனுப்புவது உண்டு. அது மறுசுழற்சி ஆகாது, வாய்க்காலில் கிடப்பதற்கு அது மேல், அவ்வளவுதான். கடலூரிலோ பாண்டியிலோ அதை முறையாகச் சேகரிப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஜோசியர் நம்பர் அனுப்ப வேண்டாம்.