விசா தரும் முன்பே வீட்டு வாடகை கட்டச் சொல்வது என்ன நியாயம்?

நேரில் பார்த்திராத ஒரு வீட்டுக்கு நான்கு மாதமாக வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டின் சாவி என்னிடம் இல்லை. அது இருக்கும் நாட்டில் குடியேற எனக்கு இன்னும் அனுமதியும் இல்லை. ஆனால் அந்த அனுமதியைக் கேட்டு விண்ணப்பிப்பதற்கே பன்னிரண்டு மாத வாடகை ஒப்பந்தத்தை முதலில் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மாதம் 850 யூரோ, அதற்கு மேல் இரண்டு மாத முன்பணம் என்று இதுவரை 5,100 யூரோ கைவிட்டுப் போய்விட்டது. விசா வந்தபாடில்லை.

வேலைக்குப் போகாமல், ஓய்வூதியம், வீட்டு வாடகை, வைப்புத்தொகை வட்டி, ஈவுத்தொகை ஆகியவற்றைக் கொண்டே வாழ முடிந்தவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் சில தரும் குடியிருப்பு விசாவைத்தான் சொல்கிறேன். போர்ச்சுகலில் அதற்கு டி7 என்று பெயர். அந்நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்கு ஈடான வருமானத்தைக் காட்ட வேண்டும். ஸ்பெயினில் ஐபிரெம் என்ற குறியீட்டுத் தொகையான 600 யூரோவின் நான்கு மடங்கை, அதாவது மாதம் 2,400 யூரோவை, ஒருவருக்குக் கேட்கிறார்கள். துணைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இன்னும் 600. இத்தாலி கேட்பது ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ. இந்தத் தொகைகளின் மீது எனக்குப் புகார் இல்லை. தங்கள் நாட்டில் வந்து தங்குபவர் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ முடியுமா என்று ஓர் அரசு பார்ப்பது நியாயமே. போர்ச்சுகலின் தொகை 2023இல் 760, 2024இல் 820, 2025இல் 870 என்று ஏறினாலும், எதைச் சார்ந்து ஏறுகிறது என்பதாவது முன்கூட்டியே தெரியும். மாதம் 2,000 யூரோவாக இருந்த வருமான வரம்பைக் கிரேக்கம் 2024இல் ஒரேயடியாக 3,500 ஆக்கியதே, பழைய தொகைக்குக் கணக்குப் போட்டு வைப்புத்தொகையை மாற்றி வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார் என்று நினைத்தால்தான் மனம் கொதிக்கிறது.

வேலைக்குப் போகாமல் வரும் இந்த வருமானத்துக்குத் தமிழில் 'செயலற்ற வருமானம்' என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் நானும் என் மனைவியும் உழைத்துச் சேர்த்த பணம் இன்று வட்டியாக வருகிறது. அதில் செயலற்றது எது?

நான் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தேன், எந்த விசா விண்ணப்ப மையத்தின் வரிசையில் நின்றேன் என்பதை எழுதப் போவதில்லை. என் கோப்பு அவர்களிடம் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ், விண்ணப்பம் கொடுக்கும் நாளில் 90 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. சான்றிதழ் கைக்கு வந்ததும் அதை வெளிநாட்டில் ஏற்பதற்கான அப்போஸ்டில் என்ற அரசு முத்திரை வாங்க 17 நாள், சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் 9 நாள் என்று 26 நாள் கரைந்தது. அந்த மையத்தில் எனக்குக் கிடைத்திருந்த நேரம், சான்றிதழ் தேதியிலிருந்து 68ஆம் நாள். எல்லாம் சரியாகவே இருந்தது. போவதற்கு இரண்டு நாள் முன்பு, அன்றைய நேர ஒதுக்கீடுகள் அனைத்தும் மாற்றப்பட்டுள்ளன என்று ஒரே ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. காரணம் சொல்லவில்லை. புதிய தேதி 26 நாள் தள்ளியிருந்தது. சான்றிதழ் காலாவதியாகிவிடுமே என்று அன்றே எழுதிக் கேட்டேன். குறித்த நாளில் நேரில் வரவும் என்ற தானியங்கிப் பதில்தான் கிடைத்தது.

போனேன். கவுன்டரில் இருந்த பெண் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார், காப்பீட்டைப் பார்த்தார், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைத் தாள் தாளாகப் புரட்டினார். நன்னடத்தைச் சான்றிதழ் வந்ததும் மேசை நாட்காட்டியை இழுத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினார். "94 நாள் ஆகிவிட்டது சார், எடுத்துக்கொள்ள முடியாது" என்றார். "தேதியைத் தள்ளிப்போட்டது நீங்கள்தானே அம்மா?" என்று மின்னஞ்சலை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்தார்; முகத்தில் சங்கடம் தெரிந்தது. "எங்களிடம் இருக்கும் பட்டியலில் இதற்கு இடமில்லை சார்" என்று சொல்லி கோப்பு முழுவதையும் என் பக்கம் நகர்த்தினார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. தாங்கள் செய்த தாமதத்தின் நாட்களையும் விண்ணப்பதாரரின் கணக்கில் ஏற்றும் ஒரு விதியை எழுதி, அதற்கு விலக்கே இல்லாமல் வைத்திருக்கும் அதிகாரிகள் மீதுதான் கோபம்.

ஓர் ஆவணத்தின் வயதை, விண்ணப்பதாரர் முதன்முதலில் பெற்ற நேரத்தின் தேதியை வைத்துக் கணக்கிட என்ன தடை? வாடகை ஒப்பந்தத்தை, விசா கிடைத்தால் மட்டுமே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு எழுதி ஏற்றுக்கொண்டால் யாருக்கு நட்டம்? வீடும் காப்பீடும் உறுதியாக வேண்டும் என்றால், கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, இத்தனை நாளுக்குள் இவற்றைக் காட்டு என்று கேட்கலாமே! மறுக்கப்பட்டால் ஒரு யூரோகூடத் திரும்பி வராத செலவு முழுவதையும் விண்ணப்பதாரர் தலையில் கட்டிவிட்டு, முடிவை எப்போது சொல்வோம் என்ற பொறுப்பை மட்டும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

புதிய நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். மறுபடியும் அப்போஸ்டில், மறுபடியும் மொழிபெயர்ப்பு, மறுபடியும் கட்டணம். அடுத்த நேரம் கிடைத்திருக்கும் நாளில் அதற்கு வயது 81 நாள் ஆகியிருக்கும். இன்னொரு முறை பத்து நாள் தள்ளிவைத்தால் அதுவும் குப்பைக்குத்தான். அதற்குள் ஏழாவது மாத வாடகையும் போயிருக்கும், ஒப்பந்தத்தில் ஐந்து மாதம்தான் மீதமிருக்கும். ஆனால் அவர்கள் கேட்பது பயண நாளிலிருந்து பன்னிரண்டு மாதம். ஆகவே, நான் ஒரு நாள்கூடத் தங்காத அந்த வீட்டின் ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்கு நீட்டித்துத் தரும்படி நேற்று இரவு வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதினேன்.