என்னோடிரும் பாட்டை எப்பிடிப் பாடவேணும்

போன கிழமை உப்புவெளியில ஒரு செத்தவீட்டுக்குப் போனனான். செத்தவர் கடலுக்குப் போற ஐயா, சபையில எப்பவும் பின் வாங்கிலதான் இருப்பார். எங்கட கொயர் பிள்ளையள் கீபோர்ட், ஸ்பீக்கர் எல்லாம் கொண்டு வந்து "என்னோடிரும் மா நேச கர்த்தரே" பாடினவை. நல்லாப் பாடுற பிள்ளையள், குரல்ல ஒரு குறையுமில்ல, ஆனா கீபோர்ட்டில ஒரு ரிதத்தைப் போட்டு கைதட்டுற வேகத்துக்குக் கொண்டு போட்டினம். பெட்டிக்குப் பக்கத்தில இருந்த மாமி அழுகையை நிப்பாட்டிப்போட்டு நிமிந்து பாத்தா. அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

பிறகு சேமக்காலை. அங்க கரண்ட் இல்ல, கீபோர்ட்டும் இல்ல. குழியடியில நிண்ட ரெண்டு வயசான அம்மாமார் அதே பாட்டைத் தொடங்கிச்சினம், மெதுவா, மூச்செடுக்கிற இடமெல்லாம் நிண்டு நிண்டு. அதே சொல்லு, அதே மெட்டு. வீட்டில கேக்கேக்க "நீர் இருக்கிறீர், எனக்கென்ன பயம்" எண்ட மாதிரி இருந்தது, குழியடியில "விட்டிட்டுப் போயிடாதயும்" எண்டு கெஞ்சின மாதிரி இருந்தது.

அது கெஞ்சுற பாட்டுத்தான். காசநோயால மெலிஞ்சு 1847இல இறந்துபோன ஹென்றி பிரான்சிஸ் லைட் எண்ட போதகர், தன்ர கடைசி வருஷத்தில இங்கிலீசில எழுதினதெண்டுதான் பொதுவாச் சொல்லுவினம். மெட்டும் அவரே ஒண்டு போட்டவர், அது நிலைக்கேல்ல. நாங்க பாடுறது 1861இல வில்லியம் ஹென்றி மொங்க் போட்ட மெட்டு. சொல்லு ஒராளின்ர, அதுக்குள்ள இருக்கிற அந்திநேர அமைதி இன்னொராளின்ர. அப்ப அதைப் பாடுற எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கெல்லோ?

தமிழில பாடேக்க இன்னொரு சிக்கல், இதைப் பற்றி நான் கன நாளா எழுத நினைச்சிருந்தனான். அந்த மெட்டில முதல் சுரம் நீளம். "என்" எண்டது குறில், இழுத்தா "ஏன்" ஆகிடும். "என்னோட இரும்" எண்டு கேக்க வந்த ஆள் "ஏன்" எண்டு கேக்கிறார்! எனக்குப் பாட்டுப் பழக்கின ரீச்சர் "எ-வை இழுக்காத பிள்ளை, ன்-ல நில்லு" எண்டு சொல்லித் தருவா, வாயை மூடி அந்த மூக்கொலியில நிண்டு பாருங்கோ, சொல்லு கெடாது. குறிலை இழுத்தா இப்பிடித்தான் தரும் எண்டது தாரும் ஆகுது, மனம் எண்டது மானம் ஆகுது. வெளிநாட்டு மெட்டுக்குத் தமிழை உக்காத்தின எல்லாப் பாட்டிலயும் இந்தப் பள்ளம் இருக்கு, பாடுறவர் பாத்துத்தான் கால் வைக்கவேணும்.

இதை வாசிச்சிட்டு மெதுவாப் பாடுறதுதான் பக்தி எண்டு நான் சொல்லுறனெண்டு நினைக்காதேங்கோ. "ஒப்பில்லா திரு இரா" எண்ட நத்தார்ப் பாட்டு 1818இல ஒஸ்ரியாவில ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில முதல் முதல் பாடினது கிட்டாரோட, 6/8 தாளத்தில, கொஞ்சம் ஆட்டமான ஓட்டத்தில. நாங்கதான் அதைத் தூங்க வச்சிட்டம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனையள் ராகமும் தாளமும் பாத்துக் கட்டினது, அதுகளைக் கீபோர்ட் கோர்ட்ஸுக்குள்ள அடைச்சு வெளிநாட்டு மெட்டு ஞானப்பாட்டு மாதிரி இழுக்கிற பெரியாக்களும் அதே பிழையைத்தான் செய்யினம். துதிக்கிற பாட்டுக்கு மிருதங்கம் துள்ளட்டும், நல்லாத் துள்ளட்டும்.

ஆனா இந்தப் பாட்டு யார் வாயில இருந்து வருது, சாகப்போறவரா, மகனைக் கடல்ல குடுத்த தாயா, கலியாண வீட்டில நிக்கிறவரா எண்டு ஒருக்காக் கேட்டுப்போட்டு ரிதம் பட்டனை அமத்துங்கோ பிள்ளையள்.

வாற சனிக்கிழமை பிரக்டிசுக்கு முதல் அரை மணித்தியாலம் கீபோர்ட்டை மூடி வச்சிட்டு பாட்டை வசனமா வாசிப்பம் எண்டு சொல்லியிருக்கிறன், பிள்ளையளும் ஓமெண்டிட்டினம். குழியடியில பாடின அந்த ரெண்டு அம்மாமாரையும் வரச் சொல்லியிருக்கிறன்.