கடைத்தெருவின் முதுகுப்பக்கம்

பழைய கடைத்தெருவை ஆவணப்படுத்தப் போகிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தைத்தான் எடுத்து வருகிறார்கள்: மாலை வெயிலில் ஒரு அழகான முகப்பு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு சிறு நகரில் இரண்டு நாள் சுற்றி, லட்சணமானவற்றை மட்டும் எடுத்தேன். தகரத்தால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற ஒரு கட்டடத்தை, இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறு வருடம் அதை இடிப்பதற்காகத் தகரத்தைக் கழற்றினார்கள். மேல்தளத்தில் வளைவு வைத்த மூன்று ஜன்னல்கள். அவற்றுக்குக் கீழே, செங்கல்லின் மேலேயே எழுதி வெளிறிப்போன ஏதோ ஒரு பழைய கடையின் பெயர். நான் போய்ச் சேர்வதற்குள் பாதிச் சுவர் விழுந்துவிட்டது. என்னிடம் இருக்கும் ஒரே படத்தின் ஓரத்தில் அந்தத் தகரம் ஒரு விரற்கடை தெரிகிறது. அந்தப் படத்திலும் தேதி குறிக்கவில்லை.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சான்போர்ன் கம்பெனி தீக்காப்பீட்டுக்காக நகர வரைபடங்கள் தயாரித்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம். அழகைப் பற்றி அவர்களுக்கு அக்கறையே கிடையாது. எது எரியும் என்பதுதான் கவலை. அதனால்தான் பின்கட்டுக் கொட்டகையைக்கூட விடவில்லை. இன்று அந்த ஊர்களின் பழைய கடைத்தெருக்களை ஆராய்கிறவர்கள் முதலில் தேடிப்போவது அந்த வரைபடங்களைத்தான். 1933இல் வேலையிழந்த கட்டடக் கலைஞர்கள் ஆயிரம் பேருக்குப் பத்து வார வேலையாக, அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையில் இருந்த சார்லஸ் பீட்டர்சன் முன்மொழிந்த பழைய கட்டடக் கணக்கெடுப்பும் அப்படித்தான். தேவாலயங்களோடு தானியக் கொட்டகை, ஆலை, கடை எல்லாம் அவர் பட்டியலில் இருந்தன. அந்தப் பத்து வாரம் இன்னும் முடியவில்லை!

ஆகவே, இப்போதெல்லாம் தெருமுனையில் ஆரம்பித்தால் கதவு எண் வரிசையில் ஒன்றையும் விடுவதில்லை. காலி மனையும் கணக்கில் உண்டு. கடையின் கீழ்த்தளத்தை ஒவ்வொரு வாடகைதாரரும் மாற்றியிருப்பார். மேல்தளத்தை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். பின்சுவரோ எதையும் மறைக்கத் தெரியாதது. அடைத்த வாசலின் விளிம்பில் செங்கல் நிறம் மாறும். இரண்டு கட்டுமானங்கள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஓடும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரைச் சிமெண்டால் பூசி மெழுகியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லின் முகமே செதில் செதிலாக உதிரும். அந்த உதிரலையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். பார்க்கச் சகிக்காது, பரவாயில்லை.

தகரம் மூடிய கடைக்காரர்களிடம், கழற்றும்போது கூப்பிடுங்கள் என்று எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவர்தான் கூப்பிட்டார்: மழைநீர் ஒழுகுகிறது, ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்று. போய்ப் பிடித்தேன். பிறகு அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறித் தகரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து நாலு படம் எடுத்தேன். முதல் வேலையாகத் தேதியைக் குறித்தேன்.