189 வெள்ளிக்கு எங்க வேலி சங்குப்பூ

வயித்தெரிச்சல எங்க கொட்டுறதுன்னு தெரியல, இங்கயே கொட்டிடறேன். சம்பளம் போட்ட அன்னைக்கு பினாங்கு கர்னி பக்கம் மால்ல ஏசிக்கு ஒதுங்குனவள ஒரு சேல்ஸ் பொண்ணு புடிச்சு உக்கார வெச்சு, இது ரொம்ப ரேரான நீலப்பூ சிஸ், பஞ்சுல தொட்டு மூஞ்சிய தொடச்சா போதும் சிஸ், கழுவவே வேணாம் சிஸ்னு சிஸ் சிஸ்னு பேசியே 200 மில்லி மேக்கப் எடுக்கற தண்ணிய 189 வெள்ளிக்கு (ரிங்கிட்தான்) என் தலையில கட்டிட்டா. பாட்டில் அழகுல மயங்கி நானும் கார்ட நீட்டிட்டேன், என்னைத்தான் சொல்லணும்.

வீட்டுக்கு வந்து பின்னாடி எறும்பு சைஸ்ல இருக்கற எழுத்த போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கி பாத்தா கிளிட்டோரியா டெர்னேட்டியா. அட சாமி, சங்குப்பூ! மலாய்க்காரங்க புங்கா தெலாங்னு சொல்லி நாசி கெராபு சோத்துக்கு போடுவாங்க, நியோன்யா கூயே பலகாரத்துல கூட நீலமா இருக்குமே, அதே பூ. எங்கம்மா தெனம் காலையில ஜெலுத்தோங் வீட்டு வேலியில பறிச்சு சிவன் படத்துக்கு வைக்கறது!

சரி, பூவாவது ஒழுங்கா இருக்கா? பாட்டில் பின்னாடி என்னென்ன கலந்திருக்குன்னு எழுதற பட்டியல்ல எது அதிகமோ அதத்தான் முதல்ல போடணும், 1 சதவீதத்துக்கு கீழ உள்ளத இஷ்டத்துக்கு மாத்தி எழுதலாம், அதான் ரூல். முதல்ல தண்ணி, அப்புறம் கிளிசரின், அழுக்க எடுக்கற சர்ஃபேக்டன்ட், அப்புறம் கெட்டுப்போகாம இருக்க பினாக்ஸிஎத்தனால், அத 1 சதவீதத்துக்கு மேல போடவே கூடாது. நம்ம பூ அதுக்கும் பின்னாடி, சென்ட்டுக்கும் பின்னாடி, அப்படின்னா 1 சதவீதத்த தாண்டாது! கடைசியில சிஐ 42090னு ஒண்ணு, தேடிப் பாத்தா பிரில்லியன்ட் ப்ளூ, மிட்டாய்க்கு போடற சாயம்.

எனக்கு வெறி வந்துருச்சு. வேலியில நாலு பூ பறிச்சு சுடுதண்ணியில போட்டு ஒரு கிளாஸ், அந்த 189 வெள்ளி தண்ணி ஒரு கிளாஸ், ரெண்டுலயும் லீமாவ் கஸ்தூரி, அதான் குட்டி எலுமிச்சை, பிழிஞ்சேன். அசல் சங்குப்பூ தண்ணியில புளிப்பு பட்டா ஊதாவா மாறும், பூவுல இருக்கற அந்தோசயனின்ங்கற நிறமியோட குணம் அது. எங்க வேலி தண்ணி மாறுச்சு. கடைத் தண்ணி கல்லு மாதிரி அப்படியே நீலமா நிக்குது, திமிரப் பாருங்க!

மேக்கப் போகுதான்னா போகுது, பார்மசில 30 வெள்ளிக்கு விக்கற மைசெலர் தண்ணியிலயும் போகும், எண்ணெய புடிச்சு இழுக்கறது சர்ஃபேக்டன்ட்தான், பூ இல்ல. கழுவ வேணாமாம்ல, பினாங்கு வேர்வைக்கு அது மூஞ்சியிலயே தங்கி பிசுபிசுன்னு, கழுவாம எவளால தூங்க முடியும்?

கடைக்கு போன் போட்டா "ஓப்பன் பண்ணிட்டா ரிட்டர்ன் இல்ல சிஸ்". அம்மாகிட்ட பொலம்புனா அவங்க பாட்டில திருப்பித் திருப்பி பாத்துட்டு, "கண்ணாடி நல்லா கனமா இருக்குடி, சீக்கிரம் தீத்துட்டு குடு, வெளக்கு எண்ணெய் ஊத்தி வைக்கலாம்"ங்கறாங்க.