முதல் மாசம் எவ்வளவுக்கா வரும்?

"அக்கா, வக்கீலா என்ரோல் பண்ணினதும் முதல் மாசம் கையில எவ்வளவு வரும்?"

போன வாரம் சட்டக் கல்லூரி கடைசி வருட மாணவி ஒருத்தி கேட்டாள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. அரசியல் சாசனத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். இதற்கு "பார்த்துக்கலாம்மா" என்று மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் உறுத்தியது. அதனால் இந்தப் பதிவு.

எனக்கு முதல் மாதம் வந்தது பூஜ்யம். 11 வருடத்துக்கு முன்பு, மதுரையில். நான் ஜூனியராகச் சேர்ந்த சீனியர் வக்கீல் நல்லவர்தான். மனசு வந்த நாளில் "பஸ்ஸுக்கு வச்சுக்கம்மா" என்று இருநூறு ரூபாய் தருவார். தொழில் கற்றுக்கொடுக்கிறாரே, அதற்கு மேல் என்ன கேட்பது என்பதுதான் ஊர் வழக்கம். மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போனால் பில்லைப் பங்கு போடுவார்கள். நான் செவ்வாய், வெள்ளி விரதம் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்புறம் திங்கட்கிழமையும் சேர்ந்துகொண்டது. பக்தியான பொண்ணு என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

கூடச் சேர்ந்த இன்னொரு ஜூனியர், ஒரு வக்கீல் வீட்டுப் பையன். திறமைசாலி, குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா சோறு ஊட்டும்போதே இன்ஜங்ஷன் (தடையாணை) பெட்டிஷன் கதை கேட்டு வளர்ந்தவன். நானோ முதல் வக்காலத்தில், வக்கீல்கள் நல நிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டாமல் கொடுத்தேன். வழக்குக் கட்டு ரிட்டர்ன் ஆகிவிட்டது. ஏன் என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் சொல்லிக்கொடுத்தது ஆபீஸ் குமாஸ்தா அண்ணன். (குமாஸ்தாக்கள் இல்லையென்றால் முதல் தலைமுறை வக்கீல்களில் பாதிப் பேர் அப்போதே ஊர் திரும்பியிருப்போம்.)

என்ரோல்மென்ட் கட்டணம் இப்போது குறைந்திருக்கிறது, உண்மை. வழக்கறிஞர்கள் சட்டப்படி 750 ரூபாய்; எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125. வக்கீல்களைப் பதிவு செய்யும் மாநில பார் கவுன்சில்கள் பலவும் இதைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்தன. அது கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. கட்டணம், கோட்டு, கவுன் என்று என் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அது மீளவே இல்லை.

உள்ளே வந்த பிறகுதான் சிக்கலே. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடம் பிராக்டீஸ் வேண்டும் என்ற விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்தது. கோர்ட்டில் நின்று பழகாதவர் தீர்ப்பு எழுதக் கூடாது என்ற வாதம் எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அந்த மூன்று வருடமும் யார் சோறு போடுவது? படித்து முடித்த கையோடு தேர்வு எழுத இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருந்தது, அதுவும் அடைபட்டது. போதாததற்கு, பத்து வருட அனுபவமுள்ள வக்கீலின் சான்றிதழ் வேறு வேண்டும். சம்பளம் கேட்டு சீனியரைப் பகைத்துக்கொண்டவள் அதை யாரிடம் போய் வாங்குவாள்?

சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவைக் காட்டிக் கேட்டு வாங்கிய ஒரு ஜூனியரைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்டால் "நாங்கல்லாம் சைக்கிள்ல வந்தோம்" என்று ஆரம்பிப்பார்கள். சரி, வந்தீர்கள். பாதியிலேயே தொழிலை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்புக்கும் ஜவுளிக்கடைக்கும் வேலைக்குப் போனவர்கள் பேச இங்கே இல்லையே.

நேற்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். சேரும் முன்பே தொகையைக் கேட்டுவிடு, கூச்சப்படாதே. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அனுபவம் இல்லாதவர்களையும் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காகக் குற்ற வழக்குகளில் இலவசமாக வாதாடும் சட்ட உதவி டிஃபென்ஸ் கவுன்சிலுக்கு உதவியாக எடுக்கிறார்கள், அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு.

உடனே பதில் வந்தது. "உங்க ஜூனியருக்கு நீங்க எவ்வளவு தர்றீங்கக்கா?"

ஆபீஸ் வாடகை, குமாஸ்தா சம்பளம், இழுத்தடிக்கும் கட்சிக்காரர்கள் என்று காரணங்களை டைப் செய்து பார்த்தேன். எல்லாம் என் சீனியர் பேசுவது மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு, 12,000 என்று மட்டும் அனுப்பினேன்.