ஃபேர் என்றால் எல்லாவற்றையும் பொதுவில் போடுவது அல்ல
ஆய்வுத் தரவு எளிதில் கண்டுபிடிக்க, அணுக, பிற தரவோடு இணைக்க, மீண்டும் பயன்படுத்த ஏற்றபடி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஃபேர் (FAIR) நெறிப்படி தரவைப் பராமரித்தால் நோயாளிகளின் மரபணுத் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி போட்டாக வேண்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லைங்க. 2016-ல் வெளியான அந்த நெறிகளிலேயே, தேவைப்படும் இடத்தில் அடையாளச் சரிபார்ப்பும் அனுமதியும் இருக்கலாம் என்று நேராகவே சொல்லியிருக்கிறது; தரவை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பது தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி வகுப்புகளில் இதை ஒரே ஸ்லைடில் ஓட்டிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். சரி, நீங்களே பார்க்கலாம். மனித மரபணுத் தரவுக்கான ஐரோப்பிய ஆவணகமான ஈஜிஏ தளத்தில் ஏதாவது ஒரு புற்றுநோய் ஆய்வைத் திறங்கள். தலைப்பு, விளக்கம், ஈஜிஏடி என்று தொடங்கும் தரவு எண் எல்லாம் தெரியும். கோப்பு மட்டும் வராது, அதற்கு அங்கேயே குறிப்பிட்டிருக்கும் தரவு அணுகல் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.